சும்மா நின்றவரா குமரன்?

பத்தாம் வகுப்பு எடுக்கும் ஆசிரியர்களுக்கு ஜனவரி மாதம் எப்படிப் போகும் என்று நான் சொல்லத் தேவையில்லை. அரையாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்தவுடன் திருப்புதல் தேர்வு அட்டவணை கைக்கு வந்துவிடும். நடுவில் பொங்கல் விடுமுறை. ‘கொடிகாத்த குமரன் என்று அழைக்கப்படுபவர் யார்?’ என்று கேட்டால், ‘திருப்பூர் குமரன்’ என்று வகுப்பே ஒரே குரலில் சொல்லும். ஒரு மதிப்பெண் உறுதி. அடுத்த கேள்விக்குப் போய்விடுவோம்.

சில ஆண்டுகளுக்கு முன் அப்படி நான் அடுத்த கேள்விக்குப் போக இருந்தபோதுதான் கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவன் கேட்டான்: “மிஸ், அவரு திருப்பி அடிக்கவே இல்லியா? சும்மா நின்னு அடி வாங்குனவர எப்புடி வீரர்னு சொல்றாங்க?”

நான் திருவொற்றியூர்ப் பகுதியில் சமூக அறிவியல் ஆசிரியை. எங்கள் மாணவர்களில் பலர் காசிமேட்டில் மீன் இறக்குபவர்கள், துறைமுகத்துக்குக் கண்டெய்னர் ஓட்டுபவர்கள், எண்ணூர்ப் பக்கம் ஒப்பந்த வேலைக்குப் போகிறவர்கள் ஆகியோரின் பிள்ளைகள். கேள்வி கேட்ட மாணவன் மாலையில் பாக்சிங் பயிற்சிக்குப் போகிறவன். வடசென்னைக்கும் குத்துச்சண்டைக்கும் உள்ள உறவு எல்லோருக்கும் தெரிந்ததுதான். அவன் அறிந்த வீரத்துக்கு ஓர் இலக்கணம் உண்டு. அந்த இலக்கணத்தில் குமரன் பொருந்தவில்லை. கிண்டலுக்காகக் கேட்ட கேள்வி இல்லை என்பது அவன் முகத்தில் தெரிந்தது.

என்னிடம் அப்போது விடை இல்லை. “நாளைக்குச் சொல்றேன்” என்றேன். அன்று இரவு நான் படித்ததும், மறுநாள் வகுப்பில் நடந்ததும், அதன்பின் இந்தப் பாடத்தை நான் நடத்தும் விதமும்தான் இந்தக் கட்டுரை.

கொடிக்குப் பின்னால் இருந்த மனிதர்

குமரன் 1904 அக்டோபர் 4ஆம் நாள் சென்னிமலையில் பிறந்தார். இன்று ஈரோடு மாவட்டத்தில் உள்ள ஊர். இயற்பெயர் குமாரசாமி. பெற்றோர் நாச்சிமுத்து, கருப்பாயி. நெசவுக் குடும்பம். வறுமையால் தொடக்கக் கல்வியோடு படிப்பு நின்றது. தறியில் உட்கார்ந்தார். பிறகு திருப்பூர் சென்று வேலை பார்த்தார். இளம் வயதிலேயே திருமணம் ஆனது. தேசபந்து வாலிபர் சங்கத்தில் சேர்ந்து பொதுப்பணிகளில் ஈடுபட்டார்.

இந்த விவரங்களை மாணவர்களிடம் முதலில் சொல்லிவிட வேண்டும் என்பது என் அனுபவம். தியாகி என்றதும் பிள்ளைகள் ஒரு சிலையைத்தான் நினைக்கிறார்கள். படிப்பு பாதியில் நின்ற, கூலிக்கு வேலை பார்த்த, வீட்டில் மனைவி காத்திருந்த 27 வயது இளைஞர் என்றதும் அவர்கள் தெருவில் இருக்கும் ஓர் அண்ணனாக ஆகிவிடுகிறார்.

1931 டிசம்பர் இறுதியில், இரண்டாம் வட்டமேசை மாநாடு பயனின்றி முடிந்து காந்தியடிகள் நாடு திரும்பினார். 1932 ஜனவரி 4ஆம் நாள் அவர் கைது செய்யப்பட்டார். காங்கிரஸ் அமைப்புகள் தடை செய்யப்பட்டன. நாடெங்கும் சட்டமறுப்பு மீண்டும் தொடங்கியது. திருப்பூரில் ஜனவரி 10ஆம் நாள் பி.எஸ். சுந்தரம் தலைமையில் ஒரு சிறு குழு கொடியேந்தி ஊர்வலம் சென்றது. அதில் குமரனும் இருந்தார். காவலர்கள் தடியடி நடத்தினர். குமரனின் தலையில் பலத்த அடி விழுந்தது. கொடியைப் பிடித்தபடியே நினைவிழந்து சாய்ந்தார். மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட அவர் ஜனவரி 11ஆம் நாள் இறந்தார்.

அவர் கையில் இருந்த கொடியைப் பற்றியும் ஒரு செய்தி சொல்லலாம். அது இன்றைய தேசியக்கொடி அல்ல. 1931இல் காங்கிரஸ் ஏற்றுக்கொண்ட மூவண்ணக் கொடியின் நடுவில் இருந்தது ராட்டை. அசோகச் சக்கரம் இடம்பெற்ற இன்றைய கொடியை 1947 ஜூலை 22இல்தான் அரசியல் நிர்ணய சபை ஏற்றது. தறிக்காரர் ஒருவர் ராட்டைக் கொடியைப் பிடித்திருந்தார் என்பது நினைவில் நிற்கும் செய்தி.

கை தானா மேலே போச்சு

மறுநாள் பாடவேளையில் அந்த மாணவனை முன்னால் அழைத்தேன். உலக வரைபடம் மாட்டும் நீளமான கோலை இரண்டு கையாலும் நிமிர்த்திப் பிடிக்கச் சொன்னேன். “இதுதான் கொடி. என்ன ஆனாலும் விடக்கூடாது. திருப்பி அடிக்கவும் கூடாது” என்றேன். மேசைமேல் இருந்த ஒரு சார்ட்டைச் சுருட்டி, அவன் தலைக்கு நேராக வேகமாக ஓங்கினேன். அடிக்கவில்லை, ஓங்க மட்டும்தான் செய்தேன்.

கோல் தரையில் விழுந்தது. அவன் இரண்டு கைகளும் தலையை மூடியிருந்தன. வகுப்பு சிரித்தது. அவனும் சிரித்தான். “கை தானா மேல போயிடுச்சு மிஸ்” என்றான்.

“பாக்சிங்கில் என்ன சொல்லிக்கொடுப்பாங்க?” என்று கேட்டேன்.

“கைய கீழ எறக்கக் கூடாதுன்னு சொல்லுவாங்க. காவல் முக்கியம்.”

“குமரன் கையை மேலே தூக்கியிருந்தால்?”

கொஞ்ச நேரம் பேசாமல் நின்றான். பிறகு, “கொடி வுழுந்துருக்கும்” என்றான்.

நான் விளக்க நினைத்ததை அவனே சொல்லிவிட்டான். தலைக்கு அடி வரும்போது கை மேலே போவது யாரும் கற்றுக்கொடுத்து வருவதில்லை. உடம்பு தானே செய்கிறது. அதைச் செய்யாமல் கையைக் கொடியிலேயே வைத்திருக்க வேண்டுமானால், உடம்பின் பழக்கத்தைவிட வலுவான ஒன்று உள்ளே இருக்க வேண்டும். சார்ட்டுக்கே கோலை விட்டவனுக்கு, தடிக்கு முன்னால் கொடியை விடாதவரின் வலிமை புரிந்தது. “அது சும்மா நிக்கிறது இல்ல மிஸ்” என்று ஒத்துக்கொண்டான்.

அந்த நேரத்தில் முதல் வரிசை மாணவி ஒருத்தி சொன்னாள்: “அவன் மேல யாரு கைய ஓங்குனாலும் அப்புடித்தான் மிஸ் மூடிக்குவான். நீங்க குச்சி எடுத்தாகூட.”

குற்றம் சாட்டும் குரல் இல்லை அது. தெரிந்த ஒன்றைச் சொன்னாள், அவ்வளவுதான். என் மேசைமேல் அன்றும் ஒரு குச்சி இருந்தது. ‘பயமுறுத்துவதற்கு மட்டும்’ என்று எனக்கு நானே சொல்லிக்கொண்ட குச்சி. சில நேரங்களில் பயமுறுத்தலோடு நின்றதில்லை என்பதும் உண்மை. தடியடியில் இறந்த ஒருவரைப் பற்றிய பாடத்தை, குச்சியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நடத்திக்கொண்டிருந்தேன். கல்வி உரிமைச் சட்டம் 2009இன் 17ஆம் பிரிவு, குழந்தைகளுக்கு உடல்ரீதியான தண்டனையையும் மனத்தைத் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. பயிற்சிகளில் பலமுறை கேட்ட பிரிவுதான்.

மறுநாள் முதல் குச்சி வகுப்புக்கு வரவில்லை. இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. சட்டம் சொன்னபோதே செய்திருக்க வேண்டிய ஒன்று. முதல் சில வாரங்கள் வகுப்பு சத்தமாகத்தான் இருந்தது. குச்சி செய்த வேலையைச் செய்ய எனக்கு வேறு வழிகள் தெரிந்திருக்கவில்லை. ஒவ்வொன்றாகக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. குச்சி இல்லாமல் இருப்பதற்கும் பயிற்சி வேண்டும் என்பது அப்போதுதான் புரிந்தது.

‘சும்மா’ என்ற சொல்

என் மாணவனின் சந்தேகம் புதியதும் அல்ல. தென்னாப்பிரிக்காவில் காந்தியடிகள் போராடியபோது ஆங்கிலேயர்கள் அதைச் செயலற்ற எதிர்ப்பு என்ற பொருள்படும் சொல்லால் குறித்தார்கள். அது வலிமையற்றவர்களின் ஆயுதம் என்று அவர்கள் நினைத்தார்கள். அந்தச் சொல் காந்தியடிகளுக்குப் பிடிக்கவில்லை. தாம் நடத்திய ‘இந்தியன் ஒப்பீனியன்’ இதழ் வழியாக வேறு பெயர் கேட்டார். மகன்லால் காந்தி ‘சதாக்கிரகம்’ என்று அனுப்பினார். அதைத் திருத்தி ‘சத்தியாகிரகம்’ ஆக்கினார். உண்மையை உறுதியாகப் பற்றி நிற்பது என்று பொருள். அதாவது, ‘சும்மா நிற்பது’ என்ற எண்ணத்தை மாற்றத்தான் அந்தச் சொல்லே பிறந்தது.

அந்தப் போராட்டத்தில் நம்மவர்களின் பங்கு பெரிது. 1909 ஜூலையில், சிறையில் கடுங்குளிரில் சாலை வேலை செய்ய வைக்கப்பட்ட இளைஞர் நாகப்பன், விடுதலையான சில நாள்களில் நிமோனியாவால் இறந்தார். 1914 பிப்ரவரி 22ஆம் நாள், சிறையிலிருந்து நோயோடு வந்த தில்லையாடி வள்ளியம்மை இறந்தபோது அவருக்கு வயது 16. பத்தாம் வகுப்பு மாணவர்களைவிட ஒரு வயதுதான் மூத்தவர்.

எங்கள் பிள்ளைகளுக்கு நான் தவறாமல் சொல்லும் இன்னொரு செய்தியும் உண்டு. 1910இல் டிரான்ஸ்வால் அரசு பல தமிழ்ப் போராளிகளை நாடு கடத்திக் கப்பலில் இந்தியாவுக்கு அனுப்பியது. சென்னையில் வந்து இறங்கியவர்களுக்கு ஜி.ஏ. நடேசன் உதவி செய்தார். அவர்களில் பலர் திரும்பவும் கப்பலேறி அங்கேயே போனார்கள். அப்படித் திரும்பிய நாராயணசாமி, கரையிறங்க அனுமதி கிடைக்காமல் கப்பலிலேயே அலைக்கழிந்து, 1910 அக்டோபர் 16ஆம் நாள் டெலகோவா விரிகுடாவில் இறந்தார். நாள்தோறும் துறைமுகத்தைப் பார்த்து வளரும் பிள்ளைகளுக்கு, அந்தக் கடல் வழியாக இப்படியும் மனிதர்கள் போய் வந்தார்கள் என்பது தெரிய வேண்டும்.

லாரிக்கு முன்னால் ஒருவர்

குமரனுக்குச் சற்று முன்னால், 1930 டிசம்பர் 12ஆம் நாள் மும்பையில் பாபு கேனு என்ற 22 வயது ஆலைத் தொழிலாளி இறந்தார். அந்நியத் துணிகளை ஏற்றிக்கொண்டு வந்த லாரியைத் தடுக்கச் சாலையில் முன்னால் நின்றார். லாரி அவர் மேல் ஏறியது.

இதைச் சொன்னபோது வகுப்பில் சத்தமே இல்லை. எண்ணூர் விரைவுச் சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் சைக்கிள் மிதித்துப் பள்ளிக்கு வரும் பிள்ளைகள் அவர்கள். லாரிச் சக்கரத்தின் உயரம் அவர்களுக்குத் தெரியும். அப்பா டிரெய்லர் ஓட்டும் ஒரு மாணவி சொன்னாள்: “எங்கப்பாவா இருந்தா பிரேக் போட்டுருப்பாரு மிஸ்.”

அறப்போராட்டம் எப்படி வேலை செய்கிறது என்பதை அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டே விளக்கினேன். ஆயுதம் இல்லாமல் முன்னால் நிற்பவர், எதிரில் இருப்பவரும் மனிதர்தான், பிரேக்கில் கால் வைப்பார் என்று நம்புகிறார். வைத்தால், எதிராளி ஒருவர் மனம் மாறினார் என்று பொருள். வைக்காவிட்டால், பார்த்துக்கொண்டிருக்கும் ஊர் முழுவதுக்கும் யார் பக்கம் நியாயம் என்று தெரிந்துவிடும். முன்னால் நிற்பவர் கையில் ஒரு கல் இருந்தால்கூட இந்தக் கணக்கு குழம்பிவிடும். ‘அவன் கல் எறிந்தான், அதனால் ஏற்றினேன்’ என்று சொல்ல ஒரு வாய்ப்பு கிடைத்துவிடும். 1922இல் சௌரி சௌராவில் மக்கள் காவல் நிலையத்துக்குத் தீவைத்துக் காவலர்கள் இறந்தபோது, வளர்ந்துகொண்டிருந்த ஒத்துழையாமை இயக்கத்தையே காந்தியடிகள் நிறுத்தியதற்கு இது முக்கியக் காரணம். பாடநூலில் தனித்தனியாக இருக்கும் இந்த நிகழ்வுகளை இப்படி இணைத்துக் காட்டினால் மாணவர்களுக்கு மனப்பாடம் செய்யும் தேவை குறைகிறது.

உடனே பலன் கிடைக்கும் என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது. குமரன் இறந்த மறுநாள் எந்தச் சட்டமும் மாறவில்லை. விடுதலை வர மேலும் 15 ஆண்டுகள் ஆயின. ஆனால் போராட்டமும் நின்றுவிடவில்லை. குமரன் இறந்த இரண்டு வாரத்தில், 1932 ஜனவரி 26ஆம் நாள், ஆர்யா என்று அழைக்கப்பட்ட பாஷ்யம், சென்னை புனித ஜார்ஜ் கோட்டைக் கொடிமரத்தில் ஏறித் தேசியக்கொடியைப் பறக்கவிட்டார். திருப்பூரில் கீழே விழாத கொடி, ஆட்சி நடந்த கோட்டையின் உச்சிக்கே போய்விட்டது என்று அந்த ஆண்டு ஒரு மாணவன் தேர்வுத்தாளில் எழுதியிருந்தான்.

நம் பக்கத்திலேயே ஒரு நினைவிடம்

ராயபுரத்தை ஒட்டிய மூலக்கொத்தளம் வழியாக எங்கள் பிள்ளைகள் எத்தனையோ முறை போயிருக்கிறார்கள். அங்கே அடக்கம் செய்யப்பட்டிருக்கும் நடராசன், தாளமுத்து என்ற இருவரையும் கேட்டால் பலருக்கும் தெரியாது. எழும்பூரில் உள்ள தாளமுத்து நடராசன் மாளிகையைக்கூட ஏதோ ஓர் அலுவலகக் கட்டடம் என்றுதான் நினைக்கிறார்கள்.

1938இல் பள்ளிகளில் இந்தி கட்டாயமாக்கப்பட்டதை எதிர்த்து மறியல் நடந்தது. அறவழியில் மறியல் செய்து கைதாகும் போராட்டம். தங்கசாலைத் தெருவில் உள்ள இந்து தியாலஜிகல் பள்ளி அதன் முக்கியக் களம். கைதாகிச் சிறை சென்ற நடராசன் உடல்நலம் குன்றி 1939 ஜனவரி 15ஆம் நாள் இறந்தார். கும்பகோணத்தைச் சேர்ந்த தாளமுத்து மார்ச் 12ஆம் நாள் இறந்தார். கட்டாய இந்தி ஆணை 1940 பிப்ரவரியில் திரும்பப் பெறப்பட்டது.

அப்போது மாகாண முதல்வராக இருந்தவர் இராஜாஜி. 1930இல் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்புச் சத்தியாகிரக நடைப்பயணத்தை நடத்தியவரும் அவரே. “அது எப்புடி மிஸ், போராடுனவரு ஆட்சிக்கு வந்தப்பவும் போராட்டமா?” என்று ஒரு மாணவி கேட்டாள். நல்ல கேள்வி. அறவழி என்பது எந்த ஒரு தலைவருக்கோ கட்சிக்கோ சொந்தமானது அல்ல. தம் பக்கம் நியாயம் இருப்பதாக நம்பும் எவரும் எடுக்கக்கூடிய வழி. அந்நிய அரசுக்கு எதிராக மட்டுமல்ல, நம் மக்கள் தேர்ந்தெடுத்த அரசிடமும் அமைதியாக மறுப்புச் சொல்லலாம். குடிமையியலில் நாம் நடத்தும் கருத்துரிமையின் வேர் இதில் இருக்கிறது.

ஒன்றில் மட்டும் கவனம்

வளரிளம் பருவப் பிள்ளைகளிடம் உயிர்த்தியாகத்தைப் பற்றிப் பேசும்போது ஒரு கவனம் தேவை. சாவைப் பெரிதாக்கிச் சொல்லிவிடக் கூடாது. குமரன் சாக வேண்டும் என்று வீட்டிலிருந்து கிளம்பவில்லை. ஊர்வலத்தில் நடக்கக் கிளம்பினார். பாபு கேனு லாரி நிற்க வேண்டும் என்றுதான் நின்றார். வள்ளியம்மை பிழைத்திருந்தால் இன்னும் பல காலம் உழைத்திருப்பார். நாம் போற்ற வேண்டியது அவர்கள் நின்ற நிலையைத்தான். இறப்பு அவர்களுக்குப் பிறர் இழைத்த அநீதி. இந்த வேறுபாட்டை நான் வாய்விட்டே சொல்லிவிடுகிறேன். குமரனின் மனைவி, பெற்றோர் பற்றியும் பேசுகிறேன். ஓர் உயிர் போனால் ஒரு வீடு என்ன ஆகும் என்பதும் வரலாற்றின் பகுதிதான்.

வகுப்பறையில் செய்து பார்க்க

ஜனவரி 11, குமரன் நினைவு நாள். 15, நடராசன் நினைவு நாள். 25, மொழிப்போர்த் தியாகிகள் நாள். 30, காந்தியடிகள் நினைவு நாள். பொங்கல் விடுமுறைக்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு பாடவேளை ஒதுக்கினால் நான்கையும் இணைத்து நடத்திவிடலாம்.

முதல் பாடவேளையில் மேலே சொன்ன கோல் பயிற்சியைச் செய்யலாம். ஒரு வேண்டுகோள்: யாரையும் தொடவே கூடாது, விருப்பமுள்ள மாணவர் மட்டும் முன்வரட்டும். வீட்டில் அடி வாங்கும் பிள்ளைகள் வகுப்பில் இருக்கலாம். நான் அதை யோசிக்காமல்தான் முதல்முறை செய்தேன். இப்போது சார்ட்டை ஓங்குவதற்குப் பதிலாக, காகிதப் பந்தை மேலே எறிந்து தலைமேல் விழவிடச் சொல்கிறேன். அதற்கே கை மேலே போய்விடுகிறது.

அடுத்ததாக, விடுமுறையில் வீட்டுப் பெரியவர்களிடம் ஒரு கேள்வி கேட்டு வரச் சொல்லலாம்: ‘நீங்கள் கை ஓங்காமல், கெட்ட வார்த்தை பேசாமல் ஒரு நியாயத்துக்காக நின்றது உண்டா?’ ஒரு மாணவனின் பாட்டி ரேஷன் கடையில் எடை சரியாகப் போடும்வரை வரிசையை விட்டு நகராமல் நின்ற கதை எங்கள் வகுப்புக்கு வந்தது. தண்ணீர் லாரி வராததற்காகக் காலிக் குடங்களோடு தெருவே உட்கார்ந்த கதை வந்தது. பாடம் வீட்டுக்குள் போய்விட்டு வந்தது.

கேள்வி கேட்ட அந்த மாணவன் அந்த ஆண்டுத் திருப்புதல் தேர்வில் குமரன் பற்றிய இரண்டு மதிப்பெண் வினாவுக்கு இப்படி எழுதியிருந்தான்: ‘அவர் கையை மேலே தூக்கவில்லை. ஏனென்றால் கையில் கொடி இருந்தது.’ நாளும் ஊரும் எழுதவில்லை. விடைக்குறிப்பின்படி ஒரு மதிப்பெண்தான் தர முடிந்தது. அவனைக் கூப்பிட்டு, “1932 ஜனவரி 11, திருப்பூர். இதையும் சேர்த்து எழுது, முழுசா கிடைக்கும்” என்றேன். பொதுத்தேர்வுக்குள் அவன் அதையும் கற்றுக்கொண்டான்.

இந்த ஜனவரியிலும் யாராவது ஒரு பிள்ளை அதே கேள்வியைக் கேட்கும். உங்கள் வகுப்பிலும் கேட்கலாம். கேட்டால் அடுத்த வினாவுக்குப் போய்விடாதீர்கள். அந்த ஒரு பாடவேளை வீணாகாது.